சல்யூட்-7 என்றொரு வீடு

1982 ஏப்ரல் முதல் 1991 பிப்ரவரி வரை, ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள், புதுச்சேரியின் தலைக்கு மேலே ஒரு வீடு போவதும் வருவதுமாக இருந்தது. சோவியத் ஒன்றியம் கட்டிய வீடு. அதில் ஒரு பிரெஞ்சுக்காரர் தங்கினார். ஓர் இந்தியரும் தங்கினார். பிறகு, உள்ளே யாருமில்லாத சமயத்தில், விளக்கணைந்து குளிரில் விறைத்து ஊமையாகிப் போனது. இரண்டு பேர் போய்க் கதவைத் திறந்து, ஈரம் துடைத்து, மறுபடி விளக்கேற்றினார்கள். அந்த வீட்டின் பெயர் சல்யூட்-7.

ரஷ்ய இயக்குநர் கிளிம் ஷிபெங்கோ 2017இல் எடுத்த 'சல்யூட்-7' திரைப்படத்தின் வழியாகத்தான் இன்றைய இளைஞர்கள் பலர் இந்தக் கதைக்குள் வருகிறார்கள். மனத்தைப் பிடித்து இழுக்கும் படம். அதைப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு வீரர்களின் முகம் மறக்காது. எனக்கோ அவர்கள் காப்பாற்றிய பொருளின் மீதுதான் நாட்டம். அது எங்கிருந்து வந்தது, யாரையெல்லாம் தாங்கியது, எப்படிச் செத்துப் பிழைத்தது, கடைசியில் எங்கே போய் விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் உட்கார்ந்து சொல்வதற்கு எனக்கு ஒரு காரணமும் இருக்கிறது. பிரான்சும் இந்தியாவும் ஒரே வீட்டுக்குள் புழங்குவது இந்த ஊரில் புதிதல்ல. முத்தியால்பேட்டையிலும் குருசுக்குப்பத்திலும் அண்ணன் பிரெஞ்சுக் குடிமகனாகவும் தம்பி இந்தியக் குடிமகனாகவும் இருக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். விண்வெளியில் அப்படிப் புழங்கிய முதல் வீடு சல்யூட்-7தான்.

அது 1982 ஏப்ரல் 19 அன்று பைக்கானூரிலிருந்து புரோட்டான் ராக்கெட்டில் ஏறிப் போனது. முற்றிலும் புதிதாக வரைந்து கட்டியதல்ல. அதற்கு முன்பு பறந்த சல்யூட்-6க்கு மாற்றாக ஒரு நிலையத்தைக் கட்டி வைத்திருந்தார்கள். அதைத்தான் செப்பனிட்டு அனுப்பினார்கள். எடை ஏறத்தாழ 19 டன். மிகப் பருத்த இடத்தில் குறுக்களவு நாலு மீட்டரைச் சற்றே தாண்டும். உள்ளே ஆட்கள் நடமாட ஏறத்தாழ 90 கன மீட்டர் இடம். முன்னும் பின்னும் ஒவ்வொரு வாசல், அதாவது விண்கலம் வந்து பொருந்தும் துறை. வெளியே மூன்று சூரியத் தகடுகள். பூமத்திய ரேகைக்கு 51.6 பாகை சாய்ந்த பாதையில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் பூமியைச் சுற்றியது. இன்று சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுவதும் இதே சாய்வில்தான். புதுச்சேரி ஏறக்குறைய 12 பாகை வடக்கில் இருக்கிறது. ஆகவே கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால் அந்தி நேரத்தில் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகவோ வடமேற்கிலிருந்து தென்கிழக்காகவோ அது கடந்து போகும். தரையில் இருட்டு கவிந்து, மேலே மட்டும் வெயில் இருக்கிற அந்தச் சில நிமிடங்களில் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

முதலில் குடியேறியவர்கள் அனத்தோலி பெரெசொவோயும் வலந்தின் லெபெதெவும். 211 நாட்கள் இருந்தார்கள். அரபிடாப்சிஸ் என்ற சிறு செடி விண்வெளியில் முதன்முதலாகப் பூத்து விதை கட்டியது அவர்கள் காலத்தில், இந்த நிலையத்துக்குள்தான்.

அவர்களுடைய முதல் விருந்தாளிகளில் ஒருவர்தான் ழான்-லூ க்ரெத்தியன், பிரெஞ்சு விமானப்படையின் சோதனை விமானி. 1982 ஜூன் 24 அன்று சோயுஸ் டி-6இல் புறப்பட்டார். விண்வெளிக்குப் போன முதல் பிரெஞ்சுக்காரர் அவர். மேற்கு ஐரோப்பாவிலிருந்தே முதல் ஆள். ஜூலை 2 அன்று திரும்பினார். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வுபெற்ற புதுச்சேரிச் சொல்தாக்கள் பதக்கம் அணிந்து, பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 கொண்டாட்டத்துக்குத் தயாராகும் நாட்கள் அவை. இந்த ஊரைச் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்து அந்த ஆகஸ்டோடு இருபது ஆண்டு நிறைந்தது.

அந்தப் பயணத்தில் நடந்த ஒரு சம்பவத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். நிலையத்தை நெருங்கும்போது, ஒரு கிலோமீட்டர்கூட மீதமில்லாத நேரத்தில், சோயுஸ் கலத்தின் தானியங்கி இணைப்பு முறை பழுதானது. தளபதி விளாதிமிர் ஜானிபெகோவ் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்தார். கலத்தைக் கையாலேயே ஓட்டி, குறித்த நேரத்துக்கும் முன்பாகவே நிலையத்தோடு பொருத்தினார். பக்கத்து இருக்கையில் க்ரெத்தியன்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் நிலையத்துக்கு அவ்வளவு நல்ல காலமாக இல்லை. 1983 ஏப்ரலில் சோயுஸ் டி-8இல் வந்த மூவர் வாசல்வரை வந்தும் இணைய முடியாமல் திரும்பினார்கள். செப்டம்பரில் எரிபொருள் அமைப்பில் ஒழுகல் கண்டது. அதே மாதம் 26ஆம் தேதி, நிலையத்துக்குப் புதிய குழுவை ஏற்றிச் செல்ல நின்ற ராக்கெட் ஏவுதளத்திலேயே தீப்பற்றியது. உச்சியிலிருந்த தப்பிக்கும் ராக்கெட் கடைசி நொடிகளில் கலத்தைப் பிய்த்துக்கொண்டு போய் சில கிலோமீட்டர் தள்ளி இறக்கியது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவர் கென்னாதி ஸ்த்ரெக்கலோவ். டி-8இல் போய் வாசலோடு திரும்பியவர்களிலும் அவர் ஒருவர். சல்யூட்-7க்குள் காலெடுத்து வைக்க அவருக்கு மூன்றாவது முயற்சி தேவைப்பட்டது. அந்த மூன்றாவது பயணத்தில் அவர் பக்கத்தில் இருந்தவர் ராகேஷ் சர்மா.

1984 ஏப்ரல் 3. சோயுஸ் டி-11. தளபதி யூரி மாலிஷேவ், பொறியாளர் ஸ்த்ரெக்கலோவ், இந்திய விமானப்படையின் ராகேஷ் சர்மா. உள்ளே ஏற்கெனவே மூவர் இருந்தார்கள்: கிசிம், சலவ்யோவ், மருத்துவர் அத்கோவ். ஆறு பேர் ஏறக்குறைய ஒரு வாரம் அந்த ஒற்றை வீட்டில் இருந்தார்கள். சர்மா யோகாசனம் செய்து எடையற்ற நிலையில் உடல் என்ன ஆகிறது என்று சோதித்தார். பெரிய கேமராக்களால் இந்தியாவின் நிலப்பரப்பைப் படம்பிடித்தார். மைசூரில் இருக்கும் பாதுகாப்புத்துறை உணவு ஆராய்ச்சிக் கூடம் அவருக்காகச் செய்து கொடுத்த ரவை அல்வாவும் புலாவும் ரஷ்யர்களுக்கும் பகிரப்பட்டன. மேலிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்ட கேள்வியும் அதற்கு அவர் பாட்டு வரியில் சொன்ன பதிலும் அந்தத் தலைமுறைக்கு மனப்பாடம். பதில் எங்கிருந்து வந்தது என்பதை யாரும் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. எரிபொருள் குழாய் ஒழுகல் இன்னும் சரியாகாத ஒரு நிலையத்திலிருந்து வந்தது. சர்மா இறங்கிய பிறகுதான், ஏப்ரல் கடைசி வாரத்தில் தொடங்கி, கிசிமும் சலவ்யோவும் பல தடவை வெளியே போய் அந்த ஒழுகலை அடைத்தார்கள்.

இப்படிப் பழுதும் செப்பனிடலுமாக ஓடிக்கொண்டிருந்த வீட்டை 1984 அக்டோபர் 2 அன்று பூட்டிவிட்டு அப்போதிருந்த குழு இறங்கியது. அடுத்த குழு வரும்வரை தரையிலிருந்து வானொலிக் கட்டளைகளால் கவனித்துக்கொள்வது வழக்கம்.

1985 பிப்ரவரி 11. நிலையத்தின் வானொலிக் கருவி ஒன்றில் மின்னோட்டம் அளவு மீறியதால் பாதுகாப்புச் சாதனம் அதை நிறுத்திவிட்டது. தரையிலிருந்தவர்கள் அதை மறுபடி இயக்கிப் பார்த்தார்கள். அதற்குப் பின் நிலையம் எந்தக் கட்டளைக்கும் பதில் சொல்லவில்லை. கட்டளை கேட்கும் காதும் போய்விட்டது. மார்ச் தொடக்கத்தில் சோவியத் பத்திரிகையில் ஒரு சுருக்கமான அறிவிப்பு வந்தது: சல்யூட்-7இன் பணிகள் முழுமையாக நிறைவேறிவிட்டன. ஊருக்குச் சொன்ன இரங்கல் செய்திதான் அது.

இந்த இடத்தில் எனக்குக் கியோம் லெ ழான்தியின் ஞாபகம் வருகிறது. வெள்ளிக் கோள் சூரியனைக் குறுக்கே கடப்பதைப் பார்க்க 1760இல் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பலேறிய வானியலாளர். 1761 ஜனவரியிலேயே ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டதால் அவரால் கரை சேர முடியவில்லை. ஆடும் கப்பலிலிருந்து பார்த்த காட்சி கணக்குக்கு உதவவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு கீழ்க்கடல்களிலேயே காத்திருந்தார். 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின் மிச்சத்தில் ஆய்வுக்கூடம் கட்டினார். தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையையும் கற்றுக்கொண்டார். 1769 ஜூன் 4 காலையில் வெள்ளி சூரியனைக் கடந்த அந்த நேரம் முழுக்க மேகம் மறைத்தது. பிறகு வெளுத்தது. 1771இல் அவர் பிரான்சுக்குத் திரும்பியபோது செத்துவிட்டதாகவே கணக்கு முடித்து உறவினர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். உயிரோடிருக்கிறேன் என்று அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. சல்யூட்-7க்கு வாயில்லை. அது சாகவில்லை என்று நிரூபிக்க யாராவது போக வேண்டியிருந்தது.

போக முடிவெடுத்ததற்கு வீம்பு காரணமில்லை. அடுத்த நிலையமான மீர் அப்போது தயாராக இல்லை. தவிர, கட்டுப்பாடில்லாத 20 டன் உலோகம் எங்கே விழும் என்பது யாருக்கும் தெரியாது. 1979 ஜூலையில் அமெரிக்காவின் ஸ்கைலாப் விழப்போகிறது என்று நம் ஊர்ப்பக்கமெல்லாம் பரவிய பீதி பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அது ஆஸ்திரேலியாவில் போய் விழுந்தது.

ஆனால் போவது எப்படி? வழக்கமான இணைப்பில் நிலையமும் கலமும் வானொலி அலைகளால் ஒன்றையொன்று தேடி, முகம் பார்த்துத் திரும்பி, நெருங்கும். இங்கே நிலையம் திரும்பாது. தான் எங்கே இருக்கிறேன் என்றும் சொல்லாது. அதுவரை யாரும் இப்படி ஒரு செத்த நிலையத்தோடு இணைந்ததில்லை. ஏவுகணைத் தடுப்புக்கான இராணுவ ரேடார்கள் அதன் பாதையைத் தொடர்ந்தன. சோயுஸ் டி-13இலிருந்து மூன்றாவது இருக்கையையும் தானியங்கி இணைப்புக் கருவியையும் கழற்றினார்கள். மிச்சமான இடத்தில் கூடுதல் எரிபொருளையும் காற்றைச் சுத்திகரிக்கும் கூடுதல் சாதனத்தையும் வைத்தார்கள். தூரம் அளக்கக் கையடக்க லேசர் கருவி. இருட்டில் பார்க்க ஒரு தொலைநோக்கி.

ஓட்டுவதற்கு? 1982 ஜூனில் பிரெஞ்சுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கையால் இணைத்தவர்தான். விளாதிமிர் ஜானிபெகோவுக்கு அது ஐந்தாவது பயணம். ஐந்திலும் அவரே தளபதி. 1984 ஜூலையிலும் இதே வீட்டுக்கு வந்து போனவர். விண்வெளியில் நடந்த முதல் பெண்ணான ஸ்வெத்லானா சவித்ஸ்கயா அப்போது அவரோடுதான் வெளியே வந்தார். ஓவியமும் வரைவார். பொறியாளராக விக்டர் சவினிக். அவருக்கு இது இரண்டாவது பயணம். அந்த நிலையத்தின் வயிற்றுக்குள் எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதை அறிந்து வைத்திருந்தார்.

1985 ஜூன் 6 அன்று கிளம்பினார்கள். இரண்டு நாள் கழித்து, ஜன்னலில் ஒரு பிரகாசமான புள்ளி. சவினிக் தூரத்தைப் படித்துச் சொல்லச் சொல்ல, ஜானிபெகோவ் கலத்தைப் பக்கவாட்டில் திருப்பி ஜன்னல் வழியே பார்த்தபடி ஓட்டினார். 200 மீட்டரில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார்கள். சூரியத் தகடுகள் ஒன்றுக்கொன்று கோணலாக நின்றன. அதைக் கண்டதுமே விஷயம் புரிந்துவிட்டது: தகடுகளைச் சூரியன் பக்கம் திருப்பும் சாதனத்துக்கு மின்சாரம் இல்லை, ஆகவே உள்ளே எதற்குமே இல்லை. ஜானிபெகோவ் நிலையத்தைச் சுற்றிவந்து முன்வாசலைக் கண்டுபிடித்து, ஜூன் 8 அன்று பொருத்தினார். தவறியிருந்தால் மறுபடி முயல எரிபொருள் போதாது; திரும்பி வருவதற்கு மட்டும்தான் இருந்தது.

கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். உள்ளே காற்று இருந்தது. நச்சு கலந்திருக்குமோ என்ற அச்சத்தில் முகமூடி போட்டுக்கொண்டு சோதித்தார்கள், இல்லை. சத்தமே இல்லை. விண்வெளி நிலையத்தில் எப்போதும் விசிறிகளின் இரைச்சல் இருக்கும். அது இல்லை என்பதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. சுவர்களில் உறைபனி. எவ்வளவு குளிர் என்று அறிய எச்சில் துப்பிப் பார்த்தார்கள். சில நொடிகளில் அது பனிக்கட்டியானது. மேசை மேல் முந்தைய குழு வைத்துவிட்டுப் போன ரொட்டித் துண்டும் உப்பும் இருந்தன. வரும் விருந்தாளியை ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்பது ரஷ்ய வழக்கம். புது வீட்டுக்குள் முதலில் உப்பும் மஞ்சளும் தண்ணீர்க் குடமும் எடுத்துப் போகிற நம்மவர்களுக்கு அந்த மேசையின் பொருள் சட்டென்று புரியும்.

இனி நடந்தவை சினிமாவுக்கு ஏற்ற வேலைகள் அல்ல. இந்தக் கதையில் நான் மிகவும் நேசிப்பது இந்தப் பகுதியைத்தான்.

முதலில் மின்சாரம். சோயுஸ் கலத்திலிருந்து ஒரு கம்பி இழுத்து நிலையத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்து, நிலையத்தில் எங்காவது ஷார்ட் சர்க்யூட் ஒளிந்திருந்தால் கலமும் சேர்ந்து சாகும். வீடு திரும்பும் வழி அடைபடும். எனவே வேறு வழி தேடினார்கள். நிலையத்தில் எட்டு மின்கலத் தொகுதிகள். சோதித்ததில் ஆறு தேறின. சூரியத் தகடுகளிலிருந்து வரும் கம்பிகளின் உறையைச் சீவி, நேரடியாக மின்கலங்களோடு முறுக்கிக் கட்டினார்கள். பதினாறு கம்பிகள். கையுறை போட்டுக்கொண்டு அந்த வேலை செய்ய முடியாது. அந்தக் குளிரில் வெறுங்கையால் செய்தார்கள். பிறகு ஜானிபெகோவ் சோயுஸின் சிறு எஞ்சின்களை இயக்கி, கலமும் நிலையமும் சேர்ந்த மொத்த உடலையும் தகடுகள் வெயில் வாங்கும்படி திருப்பினார். மின்கலங்கள் ஏறத் தொடங்கின.

மூச்சு விடுவதுகூட ஒரு பிரச்சினைதான். பூமியில் நாம் விடும் மூச்சு சூடாக இருப்பதால் மேலெழும்பி விலகிவிடுகிறது. எடையற்ற இடத்தில் சூடான காற்றுக்கு மேல் கீழ் கிடையாது. விசிறி ஓடாவிட்டால் நாம் விட்ட கரியமில வாயு நம் முகத்தைச் சுற்றியே தேங்கும். தலை கனக்கும், கை கால் சோரும், கவனம் சிதறும். ஒருவர் வேலை செய்ய, மற்றவர் தள்ளி நின்று அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தார். தூங்குவதற்கு சோயுஸ் கலத்துக்குள் போய்விடுவார்கள்.

தண்ணீர்தான் உண்மையான கெடு. அவர்கள் கொண்டுவந்தது ஒரு வாரத்துக்குச் சற்று மேல் தாங்கும். நிலையத்துத் தொட்டிகளில் தண்ணீர் இருந்தது, ஆனால் உறைந்து கிடந்தது. அது உருகாவிட்டால் இறங்கிவிட வேண்டியதுதான். படம்பிடிக்கும் விளக்கின் சூட்டில் உணவு டப்பாக்களையும் தண்ணீர்ப் பையையும் சூடாக்கினார்கள். அளந்து அளந்து குடித்தார்கள். மாதத்தின் மூன்றாம் வாரத்தில்தான் தொட்டி இளகியது. ஜூன் 23 அன்று புரோகிரஸ்-24 என்ற சரக்குக் கலம் தண்ணீரும் எரிபொருளும் உதிரிப் பாகங்களும் கொண்டுவந்து சேர்ந்தது.

அதன் பிறகு வந்தது ஈரம். சுவரில் படிந்திருந்த பனி உருகினால் பூமியில் தரையில் வழிந்து ஓடும். அங்கே வழிவதற்குத் தரை இல்லை. கம்பிகள் மேலும் கருவிகள் மேலும் மெல்லிய சவ்வாகப் படர்ந்து நின்றது. எந்த இணைப்பில் எப்போது மின்சாரம் ஏறிப் பொசுங்குமோ என்று பயம். துடைத்தார்கள். துணி தீர்ந்ததும் மாற்று உடைகளைக் கிழித்துத் துடைத்தார்கள்.

ஏன் இவ்வளவும் நடந்தது என்பதும் மெல்லப் பிடிபட்டது. மின்கலங்கள் நிரம்பிவிட்டன என்று சொல்லும் உணர்கருவி பழுதாகி, நிரம்பாமலே நிரம்பியதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பி நிலையத்தின் கணினி சூரியத் தகடுகளை மின்கலத்திலிருந்து துண்டித்தது. சாதாரணமாகத் தரையிலிருந்து ஒரு கட்டளை அனுப்பி அதை மாற்றியிருப்பார்கள். வானொலி செத்துவிட்டதால் மாற்ற முடியவில்லை. மின்கலம் வற்றி, சூடேற்றி நின்று, எல்லாம் உறைந்தது. தனித்தனியே வந்திருந்தால் சமாளித்திருக்கக்கூடிய இரண்டு சிறு பழுதுகள், ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

ஷிபெங்கோவின் படத்தில் நிலையத்துக்குள் தீப்பிடிக்கிறது. வெளியே போய்ச் சம்மட்டியால் அடித்துச் சூரிய உணர்கருவியின் தடையை நீக்குகிறார்கள். அமெரிக்க விண்ணோடம் ஒன்று அருகே வந்து நிற்கிறது. இவை மூன்றும் திரைக்கதையின் சொத்து. வீரர்களின் பெயர்களையும் மாற்றியிருப்பதால், வரலாறு என்று படம் உரிமை கோரவில்லை. அந்த நேர்மையை மதிக்கிறேன். குளிரையும் பனியையும் அந்தப் படம் காட்டிய அளவுக்கு வேறெதுவும் காட்டியதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தீயைக் கொண்டுவந்தபோது, தண்ணீரைத் துடைத்த நாட்களின் மகத்துவம் நழுவிவிட்டது. ஒரே துணியைப் பிழிந்து பிழிந்து ஒவ்வொரு கருவியாக ஒத்தியெடுப்பது வீரச்செயல் என்று திரையில் நம்பவைப்பது கடினம்தான். நடந்தது அதுதான்.

விண்ணோடத்தின் விஷயத்தில் ஒரு சுவையான உண்மை உண்டு. 1985 ஜூன் 17 முதல் 24 வரை, நிலையத்தில் பனி உருகிக்கொண்டிருந்த அதே வாரத்தில், டிஸ்கவரி விண்ணோடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார்: பத்ரிக் போத்ரி. 1982இல் க்ரெத்தியனுக்கு மாற்றாளாக இதே சல்யூட்-7க்குப் பயிற்சி பெற்றவர். சர்மாவுக்கு ரவீஷ் மல்ஹோத்ரா எப்படியோ அப்படி. அந்த வீட்டின் அறைகளைப் பயிற்சிக் கூடத்தில் மனப்பாடம் செய்த ஒருவர் அமெரிக்கக் கலத்தில் பறந்ததால், நிலையத்தை அமெரிக்கர்கள் கவர்ந்து போக வந்தார்கள் என்ற வதந்திக்கு வசதியாகிவிட்டது. பாதைக் கணக்கு அதை அனுமதிக்காது. டிஸ்கவரி ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பி 28.5 பாகைச் சாய்வில் பறந்தது. சல்யூட்-7 சுற்றியது 51.6 பாகைச் சாய்வில். விண்வெளியில் சாய்வை அவ்வளவு மாற்ற வேண்டுமென்றால் எந்த விண்ணோடத்தின் எரிபொருளும் போதாது. போத்ரி தன் வேலையை முடித்துக்கொண்டு இறங்கினார்.

உயிர்பெற்ற வீடு முன்பைவிடச் சுறுசுறுப்பாக இருந்தது. ஆகஸ்ட் 2 அன்று இருவரும் வெளியே போய்க் கூடுதல் சூரியத் தகடுகளைப் பொருத்தினார்கள். சரக்கைப் பிரிக்கும்போது ஜானிபெகோவ் ஒரு விந்தையைக் கண்டார். திருகியிலிருந்து சுழன்றபடி விடுபட்ட காதுவைத்த மரை ஒன்று, மிதந்து போகும்போது கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை தானாகவே தலைகீழாகப் புரண்டது. திரும்பவும் நேராகியது. மறுபடி புரண்டது. இயற்பியல் மாணவர்கள் இன்று ஜானிபெகோவ் விளைவு என்று படிப்பது இதைத்தான். அதன் கணக்கு முன்பே தெரிந்ததுதான் என்றாலும் பெயர் அவருடையதாகியது. பழுதுபார்க்கப் போன கை சும்மா இராமல் கண்டுபிடிப்பும் செய்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

செப்டம்பரில் சோயுஸ் டி-14 வந்தது. விளாதிமிர் வசூதின், கியோர்கி கிரெச்கோ, அலெக்சாந்தர் வோல்கோவ். ஜானிபெகோவும் கிரெச்கோவும் 26ஆம் தேதி இறங்க, சவினிக் அங்கேயே தங்கினார். வீட்டைக் காலியாக விடாமல் குழுவில் பாதியை மட்டும் மாற்றுவது விண்வெளியில் அதுதான் முதல் முறை. இன்று சர்வதேச நிலையத்தில் அது அன்றாட நடைமுறை. வசூதின் நோயுற்றதால் நவம்பர் 21 அன்று மூவரும் திட்டமிட்டதற்கு முன்பே இறங்க நேர்ந்தது. சவினிக் அங்கே கழித்தது 168 நாட்கள். பின்னாளில் அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாக எழுதினார்.

1986 பிப்ரவரியில் மீர் மேலேறியது. மே மாதம் கிசிமும் சலவ்யோவும் மீரிலிருந்து கிளம்பி சல்யூட்-7க்கு வந்தார்கள். ஒரு விண்வெளி நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பிய பயணம் இதுவரை அது ஒன்றுதான். ஏழு வாரம் இருந்து, முடிக்காமல் விட்ட சோதனைகளை முடித்து, பயன்படும் கருவிகளைச் சேகரித்து, ஜூன் 25 அன்று மீருக்குத் திரும்பினார்கள். பழைய வீட்டின் சாமான்கள் புது வீட்டுக்குப் போய்விட்டன. ராகேஷ் சர்மாவை வரவேற்றவர்களில் இருவரே கடைசியாகக் கதவைச் சாத்தியவர்களும் என்பது தற்செயல்தான். எனக்கு அது நிறைவளிக்கிறது.

ஆகஸ்டில் அதை 475 கிலோமீட்டர் உயரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பல ஆண்டு அங்கே நிற்கும், சோவியத் விண்ணோடம் புரான் தயாரானதும் போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தது. சூரியன் வேறு கணக்கு வைத்திருந்தது. 1989க்குப் பிறகு சூரியனின் சீற்றம் எதிர்பார்த்ததைவிட மிகுந்து, மேல் வளிமண்டலம் சூடாகி உப்பியது. காற்றின் உரசலில் நிலையம் இறங்கத் தொடங்கியது. 1985 அக்டோபரில் வந்து ஒட்டிய காஸ்மாஸ்-1686 கலத்தோடு சேர்த்து மொத்த எடை 40 டன். கட்டுப்படுத்தப் போதிய எரிபொருள் இல்லை. 1991 பிப்ரவரி 7 அன்று தென் அமெரிக்காவின் வானில் நுழைந்து எரிந்தது. அர்ஜென்டினாவில், ரொசாரியோ நகரத்துக்குப் பக்கத்திலிருக்கும் கப்பித்தான் பெர்முதெஸ் என்ற ஊரில் துண்டுகள் விழுந்தன. யாருக்கும் காயமில்லை. வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்ததால் பத்திரிகைகளில் அதற்கு அதிக இடமில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் அதைக் கட்டிய நாடே இல்லாமல் போனது.

2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா சர்வதேச நிலையத்துக்குப் போனபோது, 41 ஆண்டுக்குப் பின் இன்னோர் இந்தியர் என்று எல்லோரும் எழுதினார்கள். அவர் பறந்த பாதையின் சாய்வு சர்மா பறந்த அதே சாய்வு. இணைப்பு, குழு மாற்றம், சரக்குக் கலத்தில் தண்ணீர் வருவது, வெளியே போய்ப் பழுதுபார்ப்பது எல்லாம் சல்யூட்களில் பட்டுப் பட்டுக் கற்றவை. இலாசுப்பேட்டையில் அப்துல் கலாம் பெயரில் இருக்கும் அறிவியல் மையத்துக்கும் கோளரங்கத்துக்கும் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போகும்போதெல்லாம், க்ரெத்தியனும் சர்மாவும் ஒரே கூரையின் கீழ் தங்கிய கதையை அவர்களிடம் தமிழிலும் பிரெஞ்சிலும் சொல்ல வேண்டுமென்று எனக்கு ஆவல். இந்த ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் கேட்கக்கூடியவர்கள்.

சல்யூட்-7ஐக் கையால் தொட விரும்புகிறவர்களுக்கு வழியில்லை, அது எரிந்துவிட்டது. ஆனால் சர்மா அந்த வீட்டிலிருந்து தரைக்குத் திரும்பிய சோயுஸ் டி-10 கலத்தின் இறங்கு பகுதி தில்லியில் நேரு கோளரங்கத்தில் இருக்கிறது. தீன் மூர்த்தி பவன் வளாகம். வெளிப்புறம் கருகிய அந்த உலோகக் கூட்டுக்குப் பக்கத்தில் சர்மாவின் விண்வெளி உடையும் வைத்திருக்கிறார்கள். தில்லிக்குப் போகும் நம்மவர்கள் செங்கோட்டைக்கும் குதுப் மினாருக்கும் ஒதுக்கும் நேரத்தில் அரை மணியை அதற்கும் ஒதுக்கலாம்.